புதுச்சேரிக் கோட்டையை எப்படிப் பிடிப்பது?

1748-ஆம் ஆண்டு. புதுச்சேரிக்கு எதிரே கடலில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்று ஊரைப் பார்த்துச் சுட்டுத் தள்ளின. தூரமும் அதிகம், அலையின் ஆட்டமும் சேர்ந்துகொண்டது. குண்டுகளில் பாதி மதிலுக்கு முன்னாலேயே விழுந்தன, மீதி தலைக்கு மேல் போய்விட்டன. அத்தனை மருந்தையும் கொளுத்தியதில் ஊருக்குள் செத்தது ஒரே ஒருவர்: தெருவில் இருந்த ஓர் ஏழைத் தமிழ்க் கிழவி. இதைப் பதிந்து வைத்தவர் ஆங்கிலேயத் தரப்பு வரலாற்றாசிரியர் என்பதால் கிண்டலுக்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தப் படையை நடத்தியவர் அட்மிரல் எட்வர்ட் பாஸ்கவன். கடலில் கெட்டிக்காரர். கையில் ஐரோப்பியர் மட்டும் சுமார் 3,700 பேர். உள்ளே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் இருந்தது அதில் பாதிதான். கப்பல், பீரங்கி, ஆள் எல்லாவற்றிலும் பாஸ்கவன் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரைப் பறிகொடுத்துவிட்டு மூட்டை கட்டினார். அதே ஊரை ஆங்கிலேயத் தளபதிகள் இருவர் பிறகு பிடித்தார்கள்: 1761-இல் அயர் கூட் எடுத்தார், 1778-இல் ஹெக்டர் மன்றோ எடுத்தார். ஊர் அதுதான், மணல் அதுதான், ஐப்பசி மழையும் அதுதான். மூன்று பேரும் போன வழிதான் வேறு.

முற்றுகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மதிலின் கனத்தையும் பீரங்கியின் எண்ணிக்கையையும்தான் முதலில் எடுத்துவைப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: உன் கையில் எத்தனை நாள் இருக்கிறது? மழைக்கு எத்தனை நாள், அரிசிக்கு எத்தனை நாள், எதிரியின் உதவிப்படை வந்து சேர எத்தனை நாள்? இந்த மூன்றில் எது சிறியதோ அதுதான் உன் கைமுதல். எந்த வழியில் போகலாம் என்பதை அதுதான் சொல்லும், மதில் அல்ல.

எதிரே நிற்பது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1494-இல் பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லஸ் வெண்கலப் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு இத்தாலிக்குள் புகுந்தான். பழைய காலத்து ஒல்லியான உயர்ந்த மதில்களுக்குக் காலம் முடிந்தது என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைக் குட்டையாக்கினார்கள், தடிமனாக்கினார்கள், உள்ளே மண்ணைக் கொட்டித் திணித்தார்கள். கல்லில் மோதும் குண்டு கல்லை உடைக்கும். மண்ணில் மோதும் குண்டு புதைந்து போகும். மூலைக்கு மூலை அம்பு முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தின் அடியில் எதிரி வந்து ஒட்டிக்கொண்டால் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து அவனைச் சுடலாம், ஒளிய மூலை கிடையாது. வெளியே அகழி. அதற்கும் வெளியே மெல்லச் சரிந்து இறங்கும் வெறும் மேடு, மரம் மட்டை எதுவும் விட்டுவைக்காமல். தூரத்திலிருந்து பார்த்தால் மதில் என்று ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது.

புதுச்சேரியில் 1702 முதல் 1706 வரை கட்டிய லூயி கோட்டை இந்த வகை. ஐந்து கொத்தளம், ஐங்கோணம். டூர்னே நகரில் பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டைதான் அதற்கு மாதிரி. இன்று பாரதி பூங்கா இருக்கும் வட்டாரத்தில்தான் அது நின்றது. கோட்டையைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றி மதில், அதற்கு வெளியே சற்றுத் தள்ளி முட்செடிகளால் ஆன முள்வேலி ஒரு பெரிய வளையமாக, அதில் இடையிடையே காவல் அரண்கள். இன்றைய நகரைச் சுற்றி நீள்வட்டமாக ஓடும் புல்வார் சாலை அந்தப் பழைய மதிலின் தடம்தான். அதில் வண்டியில் ஒரு சுற்று சுற்றி வர அரை மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவு சின்ன ஊருக்காகவா இத்தனை பேர் செத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

திருக்குறளின் அரண் அதிகாரத்தில் 'முற்றியும் முற்றாது எறிந்தும் அறைப்படுத்தும்' என்று வருகிறது. சூழ்ந்துகொள்வது, சூழாமல் பாய்ந்து அடிப்பது, உள்ளிருப்பவனைக் காட்டிக்கொடுக்க வைப்பது. பீரங்கி வந்த பிறகு முதல் வழி மட்டும் நான்கைந்தாகக் கிளைத்தது. மற்ற இரண்டும் அப்படியேதான் இருந்தன.

தூரத்திலிருந்து சுட்டு மிரட்டுவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் இது வேலைக்கு ஆகாது. தன் ஆள் சாகமாட்டான், தோண்ட வேண்டாம், சத்தம் நிறைய வரும் என்பதால் தளபதிகளுக்கு இதில் எப்போதும் ஓர் ஆசை. 1695 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி வில்லர்வா பிரஸ்ஸல்ஸ் நகரின் மேல் மூன்று நாள் குண்டு பொழிந்தார். ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன, நகரின் நடுப்பகுதியே சாம்பலானது. நோக்கம் என்னவென்றால், நமூர் கோட்டையை முற்றுகையிட்டிருந்த எதிரிப் படை பதறிப்போய் அதை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அவர்கள் அசையவே இல்லை. அடுத்த சில வாரங்களில் நமூரும் விழுந்தது. வீடு எரிந்தால் வணிகன் அழுவான். கோட்டைக் கதவின் சாவி வணிகனிடம் இல்லை.

ஒரே ராத்திரியில்

இதற்குச் செஞ்சியை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் இணைக்கும் மதில். மேலே சொன்ன கொத்தள வகை நட்சத்திரக் கோட்டை அல்ல, மலைக்கோட்டை. ஆனால் பீரங்கிக் காலத்தில் அது மாறி மாறிக் கைமாறிய விதம் ஒரு பாடப்புத்தகம்.

1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியைச் சூழ்ந்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். மூன்று மலையையும் முழுக்கச் சூழ அவரிடம் ஆள் போதவில்லை. தானியம் வர வேண்டிய பாதை நீளம். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் குதிரைப்படையோடு வந்து இறங்கியதும் சூழ்ந்தவனே சூழப்பட்டான். சுல்பிகர் கான் முகாமைக் கலைத்து வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் திரும்பி வந்தார். கோட்டை கடைசியாக அவர் கைக்கு வந்தது 1698 தொடக்கத்தில். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். கூண்டு கிடைத்தது, கிளி கிடைக்கவில்லை. பாதுஷாவும் அவருடைய தளபதியும் இதற்காகச் செலவழித்தது எட்டு வருடம்.

அதே செஞ்சியை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் எடுத்தார். மாலையில் கோட்டைக்கு வெளியே சண்டை. தோற்று ஓடியவர்கள் உள்ளே புகுந்து கதவைச் சாத்தினார்கள். கதவில் வெடிமருந்துப் பெட்டியைப் பொருத்திப் பிளந்தார்கள். இருட்டும்வரை தெருச்சண்டை. பிறகு படைகளைப் பிரித்து ஒரே நேரத்தில் மூன்று மலையிலும் ஏற்றினார்கள். விடிவதற்குள் மூன்றும் பிரெஞ்சுக்காரர் கையில்.

புஸ்ஸி வீரர்தான், சந்தேகமில்லை. ஆனால் இதை வீரக்கதையாக மட்டும் படித்தால் தவறான முடிவுக்கு வருவோம். உள்ளே இருந்தது ஆங்கிலேயர் பக்கம் நின்ற நவாப் முகம்மது அலியின் படை, சில நாட்களுக்கு முன்புதான் திருவதிகை அருகே தோற்றுச் சிதறியிருந்தது. கோட்டை அவர்களுக்குக் காவல் இடமல்ல, ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம். எந்த மலையில் யார் நிற்பது என்றே அவர்கள் முடிவு செய்திருக்கமாட்டார்கள். பாய்ந்து பிடிக்கும் வழி மதிலைப் பார்த்துத் தேர்வு செய்வதல்ல, உள்ளே இருப்பவன் நேற்று என்ன அடி வாங்கினான் என்பதைப் பார்த்துத் தேர்வு செய்வது. அதற்கு இருக்கும் நேரம் இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் அவன் மூச்சு வாங்கிக் காவலைப் பிரித்துவிட்டால் அதே ஏணி சாவு ஏணியாகிவிடும்.

பாஸ்கவன் அதைத்தான் அனுபவித்தார். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில் ஒரு சிறு கோட்டை. சரியாக வேவு பார்க்காமல், சாதாரண அரண்தானே என்று ஆட்களை ஏவினார். போனவர்கள் அகழியையும் கொத்தளத்தையும் அங்கே போன பிறகுதான் கண்டார்கள். அடி வாங்கித் திரும்பினார்கள். பிறகு அந்தச் சின்னக் கோட்டைக்கே பள்ளம் வெட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் வெளியே பாய்ந்து வந்து தாக்கியதில் ஆங்கிலேய மேஜர் லாரன்ஸ் கைதியானார். கடைசியில் கோட்டைக்குள் இருந்த வெடிமருந்து தற்செயலாக வெடித்ததால்தான் பிரெஞ்சுக்காரர் அதை விட்டுப் போனார்கள். இதற்குள் போனது கிட்டத்தட்ட மூன்று வாரம். இந்த மூன்று வாரத்தை மறக்க வேண்டாம், பின்னால் வருகிறேன்.

பள்ளம் வெட்டி நெருங்குவது

நியாயமாகப் பார்த்தால் பீரங்கிக் காலத்துக் கோட்டைகளுக்கு ஏற்ற வழி இதுதான். இதைக் கலையாக இல்லாமல் கணக்காக மாற்றியவர் பதினான்காம் லூயியின் பொறியாளர் வோபான். 1673-இல் மாஸ்ட்ரிக்ட் நகரை முதல் பள்ளம் வெட்டியதிலிருந்து 13 நாளில் விழவைத்தார்.

முறை இதுதான். கோட்டையிலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளி, மதிலுக்கு இணையாக ஒரு நீண்ட பள்ளம். அதிலிருந்து கோணல்மாணலாகக் கிளைப் பள்ளங்கள் முன்னேறும். நேராக வெட்டினால் மதிலின் மேலிருந்து ஒரே குண்டு பள்ளத்தின் நீளத்துக்கும் ஓடும், அதனால்தான் கோணல். பாதித் தூரத்தில் இரண்டாவது இணைப் பள்ளம், பீரங்கி மேடைகள் அங்கே. மூன்றாவது, சரிவு மேட்டின் அடியிலேயே. அங்கிருந்து அகழி ஓரத்துக்குப் பீரங்கியை ஏற்றி மதிலின் அடியைக் குறிபார்த்து உடைப்பது.

முதல் இரவு எப்படி நடக்கும் என்று பாருங்கள். இருட்டத் தொடங்கும்போது வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். ஒவ்வொருவன் தோளிலும் ஒரு சுள்ளிக் கட்டு, கையில் மண்வெட்டியும் குந்தாலியும். வாயைத் திறக்கக் கூடாது. பொறியாளர் முன்னாலேயே தவழ்ந்து போய் வெள்ளைக் கயிறு போட்டிருப்பார். ஒவ்வொருவனும் தன் சுள்ளிக் கட்டைக் கயிற்றோரம் வைத்துவிட்டு அதன் பின்னால் படுத்துக்கொள்வான். அந்தக் கட்டின் நீளம்தான் அன்றிரவு அவன் பங்கு. சைகை வந்ததும் ஆயிரம் மண்வெட்டி ஒரே நேரத்தில் இறங்கும். சத்தம் கேட்டுக் கோட்டையிலிருந்து கண்மண் தெரியாமல் சுடுவார்கள். விடியும்போது நேற்று வெறும் பொட்டலாக இருந்த இடத்தில் ஒரு மண் கரை நிற்கும், அதன் பின்னால் ஆள் தெரியாது.

மதில் நெருங்க நெருங்க இப்படிக் கூட்டமாக வெட்ட முடியாது. அப்போது நால்வர் கொண்ட குழு. அடைத்து உருட்டிய பெரிய கூடையைக் கேடயமாக முன்னால் தள்ளிக்கொண்டு முதலாமவன் முழங்காலில் நின்று ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் வெட்டுவான். பின்னால் வருகிறவன் அதை இன்னும் அரையடி அகலப்படுத்தி, அரையடி ஆழப்படுத்துவான், மூன்றாமவனும் அப்படியே. நாலாமவன் முடிக்கும்போது மூன்றடிப் பள்ளம். வெட்டிய மண் பக்கத்தில் நிறுத்திய கூடைகளுக்குள் போகும். கூலி, வெட்டிய நீளத்துக்கு. கோட்டையை நெருங்க நெருங்க அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறும். உயிருக்கு விலைப்பட்டியல் போட்டது மாதிரிதான், ஆனால் வோபான் அதன் மூலம் ஆட்களைக் காப்பாற்றினார் என்பதும் உண்மை. 1697-இல் ஆத் கோட்டையை அவர் எடுத்தபோது இரண்டு வார வேலையில் அவர் தரப்பில் செத்தவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். அங்கே அவர் பயன்படுத்திய உத்தி, மருந்தைக் குறைத்துப் போட்டுச் சுடுவது. குளத்தில் தவளைக்கல் விட்டால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோலக் குண்டு மதில்மேல் தத்திக்கொண்டு போய் பீரங்கி வண்டிகளையும் ஆட்களையும் வாரிக்கொண்டு போகும்.

நல்ல கோட்டை ஒன்றைச் சூழ்ந்த நாளிலிருந்து விழவைக்க 48 நாள் என்று வோபான் அட்டவணை போட்டார். இந்த 48-ஐயும் நினைவில் வையுங்கள்.

இந்த வழியின் விலை என்ன? எருது. 24 பவுண்டு குண்டு போடும் முற்றுகைப் பீரங்கி ஒன்றின் எடை இரண்டரை டன் அளவில் வரும். குண்டு ஒவ்வொன்றும் 11 கிலோ. ஒரு நாளைக்கு ஒரு பீரங்கி எத்தனை முறை சுடும் என்று பெருக்கிப் பாருங்கள். 1791 மே மாதத்தில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போய், சண்டையிலும் வென்று, ஊர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றார். எருதுகள் பசியிலும் நோயிலும் செத்து விழுந்துவிட்டன. பீரங்கிகளை இழுக்க வழியில்லை. தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திப்பு சுல்தானின் பீரங்கிகளால் செய்ய முடியாததை வைக்கோல் இல்லாமை செய்தது.

இரண்டாவது விலை, தெரிந்த ஆள். பாஸ்கவனிடம் அது இல்லை. அரியாங்குப்பம் முடிந்து புதுச்சேரிக்கு வடமேற்கே அவருடைய பொறியாளர்கள் முதல் பள்ளத்தை வெட்டியது 1,500 கஜத்தில். அந்தத் தூரத்திலிருந்து பள்ளம் வெட்டுவது, மாம்பழம் பறிக்கப் பக்கத்து ஊரில் ஏணி சாத்துகிற கதை. தோண்டித் தோண்டி 800 கஜம் வரை வந்தபோது எதிரே சதுப்பு நிலம், அதற்கு மேல் நகர முடியாது என்று தெரிந்தது. அதை ஒருநாள் காலையில் யாராவது நடந்து பார்த்திருந்தால் போதும்.

மன்றோ 1778-இல் இதே வழியை ஒழுங்காகச் செய்தார். ஆகஸ்ட் 8 அன்று வந்தார். முள்வேலியை எடுத்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் தோண்டத் தொடங்கி, நடுவில் பீரங்கிகளை முழக்கினார். உள்ளே ஆளுநர் பெல்கோம் நன்றாகவே போராடினார். அக்டோபர் நடுவில் மதில் உடைந்து, அகழியைக் கடக்கவும் ஏற்பாடு முடிந்தபோது மழை குறுக்கே வந்தது, ஏறும் நாள் தள்ளிப்போனது. ஆனால் ஏறுவதற்கு முன்னாலேயே பெல்கோம் வெள்ளைக் கொடி காட்டினார். தோண்டத் தொடங்கியதிலிருந்து சுமார் 40 நாள். ஐப்பசியோடு ஓட்டப்பந்தயம், மயிரிழையில் வெற்றி.

மதில் உடைந்த பிறகு சரணடைவது கோழைத்தனம் அல்ல, அந்தக் காலத்துப் போர் வழக்கம். உடைப்பு வந்து, ஏறலாம் என்ற நிலை வந்ததும் பேசினால் படைக்கு மரியாதை, ஊருக்கு உயிர். பேசாமல் விட்டு எதிரி ஏறி வந்தால் கொள்ளையைத் தடுக்க யாராலும் முடியாது. 1747-இல் நெதர்லாந்தின் பெர்கன் ஒப் சோம் நகருக்கு அதுதான் நடந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 இந்த வழியின் அவசரப் பதிப்பு. ஏப்ரல் நடுவில் ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் ஹாரிஸின் முகாமில் மூட்டைகளை எண்ணியபோது, போராடும் ஆட்களுக்கு 18 நாள் அளவுக்குத்தான் அரிசி இருந்தது. அது போதாதென்று, தென்மேற்குப் பருவமழை பிடித்தால் காவிரி பெருகும், ஆற்றைக் கடக்க முடியாது. முழுக்க ஒழுங்காக வெட்ட நேரமில்லை. வடமேற்கு மூலையில் உடைப்பு கிடைத்ததும் மே 4 பகல் ஒரு மணிக்கு, வெயிலில் காவல் அயர்ந்திருக்கும் நேரம் பார்த்து, ஜெனரல் பேர்டின் தலைமையில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆற்றில் இறங்கினார்கள். ஏப்ரல் நடுவோடு 18-ஐக் கூட்டினால் எந்தத் தேதி வருகிறது என்று பாருங்கள்.

சுரங்கம்

மதிலுக்கு அடியில் குடைந்து மருந்து வைத்து வெடிப்பது. 1683-இல் வியன்னாவை உதுமானியர் இப்படித்தான் கிட்டத்தட்ட எடுத்துவிட்டார்கள். அவர்களிடம் கனத்த பீரங்கி குறைவு, சுரங்கக்காரர்கள் தேர்ந்தவர்கள். உதவிப்படை வந்து கெடுத்தது. கோல்கொண்டாவில் 1687-இல் முகலாயர் வைத்த சுரங்கத்தை உள்ளேயிருந்தவர்கள் மோப்பம் பிடித்து, எதிர்ச் சுரங்கம் வெட்டி மருந்தை அள்ளிவிட்டார்கள். வெடித்தபோது மண்ணும் கல்லும் முகலாயர் தலைமேலேயே விழுந்தன. புதுச்சேரியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடற்கரை மணலில் சில முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும்.

பட்டினி போடுவது

கேட்க எளிது. கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய வழி, அந்த விலையைப் பெரும்பாலும் சண்டையில் சேராதவர்கள் கொடுக்கிறார்கள். 1627, 1628-இல் ரிஷெலியு லா ரோஷெல் துறைமுகத்தின் வாயில் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டருக்குக் கடலுக்குள் கரை போட்டு அடைத்தார். ஊரில் இருந்த சுமார் 27,000 பேரில் மிஞ்சியவர்கள் 5,000 பேர் அளவில். அப்படி அடைக்க முடியாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஒஸ்டெண்ட் சாட்சி. 1601-இல் தொடங்கிய முற்றுகை, கடல் வழி திறந்திருந்ததால் 1604 வரை இழுத்தது.

சென்னையில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றதும் இந்தக் கடல் கதவால்தான். 1758 டிசம்பரில் அவர் புனித ஜார்ஜ் கோட்டை முன்னால் வந்தபோது தேதியைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். வடகிழக்குப் பருவக்காற்றுக்குப் பயந்து ஆங்கிலேயக் கப்பல்கள் பம்பாய்க்குப் போயிருந்தன. அவை திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். ஆனால் அவர் கையில் பணமில்லை. கறுப்பர் நகரத்துக்குள் புகுந்த ஆட்கள் கொள்ளையிலும் சாராயத்திலும் கலைந்தார்கள். பின்னால் யூசுப் கான், அதாவது நம் மருதநாயகம், லாலியின் தானியப் பாதைகளை வெட்டிக்கொண்டே இருந்தார். உடைப்பு ஓரளவு வந்தும் ஏறலாமா வேண்டாமா என்று தயங்கினார்கள். 1759 பிப்ரவரி 16 அன்று கடலில் ஆறு பாய்மரக் கப்பல்கள் தெரிந்தன. அன்றிரவே லாலி கிளம்பிவிட்டார். 67 நாள்.

அந்த அடியை வாங்கிய அதே லாலி, அடுத்த முறை மதிலுக்கு உள்ளே இருந்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்த அயர் கூட், நேரே புதுச்சேரிக்கு ஓடவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். காரைக்கால், சிதம்பரம் என்று சுற்றியிருந்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். புதுச்சேரிக்குச் சோறு வரும் ஒவ்வொரு வழியையும் அடைத்தார். மைசூரிலிருந்து வந்த உதவியும் நிலைக்கவில்லை. செப்டம்பரில் முள்வேலி அவர் கையில். கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள். வழக்கமாக ஐப்பசியில் அவை கிளம்பிப் போகும், அப்போது மூச்சு விடலாம் என்று உள்ளே இருந்தவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். இந்த முறை ஒரு பகுதி செப்பனிடத் திருகோணமலைக்குப் போனது, மீதி புயலுக்கும் துணிந்து அங்கேயே நின்றது. அயர் கூட்டுக்கு மழை எதிரியாக இல்லாமல் போனது அந்த நாளில்தான்.

நவம்பர் கடைசியில் லாலி, சோற்றுக்கு வாய் குறைய வேண்டும் என்று ஊரிலிருந்த தமிழர்கள் சுமார் 1,400 பேரை வெளியே துரத்தினார். ஆண், பெண், குழந்தை எல்லோரும். ஆங்கிலேயர் தங்கள் எல்லையைக் கடக்க விடவில்லை, ஏனென்றால் அவர்களை விட்டால் உள்ளே அரிசி நீளும். திரும்பிப் போனால் மதிலிலிருந்து சுட்டார்கள். நடுவில் இருந்த வெளியில் எட்டு நாள், கிடைத்த புல்லையும் வேரையும் தின்றுகொண்டு. கடைசியில் கூட் வழி விட்டார். பட்டினி போடும் வழியைத் தாளில் ஒப்பிடும்போது ஆள்சேதம் குறைவு என்று ஒரு வரி வரும். அந்த வரியில் இந்த எட்டு நாள் சேராது.

1761 ஜனவரி 1 அதிகாலையில் பெரும் புயல். ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரை தட்டின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் போனார்கள். கடல் திறந்துவிட்டது! லாலி உடனே பழவேற்காட்டில் இருந்த தங்கள் ஆளுக்கு அரிசி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். அரிசி வரவில்லை. ஒரு வாரத்துக்குள் வேறு ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து அதே இடத்தில் நங்கூரம் போட்டன. டிசம்பரிலேயே பீரங்கி மேடைகளும் எழுந்திருந்தன, ஆனால் ஊரை எடுத்தது அவையல்ல. யானை, குதிரை, நாய் வரை தின்று தீர்த்தவர்கள் தை பிறந்த கையோடு, ஜனவரி 16 அன்று கதவைத் திறந்தார்கள். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரின் அன்றாடத்தை நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில்.

கதவைத் திறக்க ஆள் பிடிப்பது

கோல்கொண்டா எட்டு மாதம் தாங்கியது. சுரங்கம் பொய்த்தது, ஏணி பொய்த்தது, முகாமில் பஞ்சம். 1687 செப்டம்பரில் ஓர் இரவு உள்ளே இருந்த அதிகாரி ஒருவன் கதவைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். எல்லா வழியிலும் மலிவானது இது, ஆனால் இதைத் திட்டம் என்று நம்பிக் கிளம்ப முடியாது. எட்டு மாதம் சூழ்ந்து நின்ற பிறகுதான் அந்த ஆள் விலைக்கு வந்தான். செஞ்சியைச் சிவாஜி 1677-இல் பேச்சிலேயே வாங்கினார் என்றால், பீஜப்பூர் அரசு அப்போது சரிந்துகொண்டிருந்தது, கோட்டைக்காரனுக்கு எசமான் யார் என்பதே குழப்பம்.

சரி, பாஸ்கவன் என்ன செய்திருக்க வேண்டும்?

ஆறு மாதமும், மழையைத் தாங்கும் கப்பலும், சுற்று வட்டாரமும் கையில் இருந்தால் கூட் வழி. தோற்று ஓடியவன் பின்னாலேயே போய்க் கதவைத் தட்ட முடிந்தால் புஸ்ஸி வழி. இந்த இரண்டும் பாஸ்கவனிடம் இல்லை. அவரிடம் இருந்தது பள்ளம் வெட்டும் வழி ஒன்றுதான், அதைத்தான் அவரும் தேர்ந்தெடுத்தார். தேர்வில் தப்பில்லை, நாள் கணக்கில்தான் தப்பு.

அவர் வந்தது ஆகஸ்ட் 19. கரையில் கப்பல் நிற்க முடியாத மழை அக்டோபர் நடுவில். இடையில் 57 நாள். வோபான் அட்டவணை 48. ஒன்பது நாள் கையிருப்போடு முடிகிற வேலை. அரியாங்குப்பத்தில் மூன்று வாரத்தைக் கொட்டியதும் மிச்சம் 36. அப்போதே கணக்கு உடைந்துவிட்டது. 1,500 கஜமும் சதுப்பு நிலமும் செத்த பாம்பை அடித்த அடி. நானாக இருந்தால் அரியாங்குப்பத்தைச் சுற்றி ஐந்நூறு பேரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, இரண்டே நாள் நிலத்தை நடந்து பார்த்து, மன்றோ முப்பது வருடம் கழித்துச் செய்தது போல இறுகிய தரையில் நெருங்கி வெட்டியிருப்பேன். உட்கார்ந்து எழுதும்போது எல்லோரும் தளபதிதான், ஒப்புக்கொள்கிறேன்.

அக்டோபர் 17-ஐ ஒட்டி அவர் முகாமைக் கலைத்தார். மறுநாள், 18-ஆம் தேதி, ஐரோப்பாவில் எக்ஸ் லா ஷாப்பெல் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிடித்த ஊர்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்தச் செய்தி சோழமண்டலக் கரைக்கு வந்து சேர இன்னும் மாதக்கணக்கு ஆனது.